மாசி வீதியில் ஒரு காலை நடை: எங்கே தொடங்கலாம், எதை விடக்கூடாது?

#1 வடக்குமாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து இரண்டு வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது நடக்கிறோம். கீழக்குயில்குடி, திருப்பரங்குன்றம், கீழடி அருங்காட்சியகம் என்று எல்லோரும் போகும் இடங்களுக்குத்தான் இதுவரை போயிருக்கிறோம். பசுமை நடைக்காரர்கள் 2010இலிருந்து செய்துவருவதன் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பின்னால் நாலு தடவை போய்த்தான் எனக்கே இந்தக் கிறுக்குப் பிடித்தது.

அடுத்த மாதம் மலைக்குப் போகாமல் மதுரை ஊருக்குள்ளேயே நடக்கலாம் என்று ஒரு யோசனை. கோயில், மகால் என்று சுற்றுலாக்காரர்கள் போகும் வழி வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் எதையாவது எதிர்த்து நின்ற இடங்களாகப் பார்த்துப் போகலாம்.

இது தோன்றியதற்குக் காரணம் என் அப்பா. 1965 ஜனவரி 25, வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தின் முன்னால் இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போன மாணவர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் மோதல் நடந்ததே, அப்போது அவருக்குப் பதினாறு வயது. வேடிக்கை பார்க்கப் போனவர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். அன்று இங்கே பற்றியது மாநிலம் முழுக்கப் பரவியதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு அது செருப்புக் கதைதான். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் "இங்கதான்டா கெடந்துச்சு" என்பார். போன வருடம் தவறிவிட்டார். இப்போது நான் தாண்டும்போது சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கையில் இருப்பவை: மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீடு, வடக்கு மாசி, 1939இல் தாழ்த்தப்பட்டவர்களும் நாடாரும் மீனாட்சி கோயிலுக்குள் போன ஆலயப் பிரவேசம். வேறு என்ன சேர்க்கலாம்? முப்பது நாற்பது பேர் சேர்ந்து நடந்தால் போலீஸ் அனுமதி வேண்டுமா?

#2 ஜிகர்தண்டா

காந்தி மேல்சட்டையைக் கழற்றியது காந்தி மியூசியத்தில் இல்லையா? நான் ஸ்கூல் டூரில் அப்படித்தான் கேட்டேன். அது சரி, டிபன் எங்கே? அதைச் சொல்லாமல் ஒருத்தரும் வரமாட்டார்கள் அண்ணே.

#3 ஒத்தக்கடை வாத்தியார்

தம்பி ஜிகர்தண்டா, மியூசியம் தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது. நேரு வந்து திறந்தது 1959 ஏப்ரலில். காந்தி உடையை மாற்றியது அதற்கு முப்பத்தெட்டு வருடம் முன்னால், 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, மேலமாசி வீதி 251ஏ எண் வீட்டு மாடியில். இப்போது கதர்க்கடை இருக்கும் கட்டடம். சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணிதான் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் உங்கள் ஸ்கூலில்.

மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் சுற்றிலும் பார்த்தால் பலரும் அந்நியத் துணியில்தான் இருந்தார்கள். ஏன் கதர் உடுத்தவில்லை என்று கேட்டதற்கு, வாங்கக் காசில்லை என்றார்கள். வேட்டி, மேல்சட்டை, தொப்பி என்று தாமே அத்தனை துணியைச் சுற்றிக்கொண்டு இவர்களுக்கு என்ன சொல்வது என்ற கேள்வி அவரை விடவில்லை. நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. முதலில் அவர் அறிவித்தது அக்டோபர் 31 வரைக்கும் மட்டும்தான். ஐந்தாறு வாரத்துக்கு என்று தொடங்கியது சாகும்வரை நீடித்தது. அந்தக் கோலத்தில் முதன்முதலாக மக்கள் முன் வந்த இடம் காமராசர் சாலையில் இருக்கிறது, காந்தி பொட்டல் என்பார்கள். அலங்கார் தியேட்டருக்கு எதிரே. நடையை அங்கே முடித்தால் பொருத்தமாக இருக்கும்.

1939 ஜூலை 8 ஆலயப் பிரவேசம் பற்றிப் பேசும்போது, அதை முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அவரோடு உள்ளே போனவர்கள் கக்கன், முத்து, சின்னையா, பூவலிங்கம், முருகானந்தம், சண்முக நாடார். எல்.என். கோபாலசாமி கூட இருந்தார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வழி விட்டிருக்காவிட்டால் வாசலோடு திரும்பியிருப்பார்கள். ஆபத்து என்னவென்றால், அன்றைக்கு அவர்களைக் காக்கச் சட்டம் கிடையாது. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது இவர்கள் உள்ளே போய் வந்த பிறகுதான். எல்லோரையும் விடும்வரை வரமாட்டேன் என்றிருந்த காந்தி 1946இல்தான் மீனாட்சியைப் பார்த்தார்.

அதிலும் கக்கன் பின்னால் மந்திரியானார் என்பது தெரியும். மற்றவர்கள் பெயரை என் வகுப்பில் நாற்பது வருடத்தில் ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை.

#4 செல்லூரான்

வாத்தியார் ஐயா சொன்னால் அப்பீல் இல்லை. நான் வேறு திசையில் ஒன்று சொல்கிறேன்.

பெரியார் நிலையத்துப் பக்கத்தில் பழைய கோட்டைக் கொத்தளம் ஒன்று மிச்சம் நிற்கிறது. அங்கே தொடங்குங்கள். தினமும் ஆயிரக்கணக்கானோர் அதன் ஓரமாகப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள், அது கோட்டை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். சுவருக்கு வெளியே வந்தது வெளிவீதி. விளக்குத்தூண் அந்த பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. இடித்தவருக்கு விளக்கு வைத்த ஊர் நம் ஊர்.

இடித்தது போகட்டும். தண்ணீரைத் தூர்த்ததுதான் எனக்கு ஆறவில்லை. தல்லாகுளம் கண்மாய் எங்கே என்று கேட்டால் மாநகராட்சி அலுவலகத்தைக் காட்ட வேண்டும். உலகனேரிக் கண்மாயில் 2004இலிருந்து உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. ஆக்கிரமிப்பு வழக்கெல்லாம் கண்மாய்க்குள் உட்கார்ந்தே கேட்கிறார்கள். மிச்சமிருப்பது எங்கள் செல்லூர்க் கண்மாய். அதன் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். 2024 அக்டோபர் மழையில் அது வைகைக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தது. மாடிப்படியில் இரண்டாவது படி வரை. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம் இட்லி மாதிரி ஊதிவிட்டது, வெயிலில் வைத்துப் பிரித்தால் என் முகம் மட்டும் மனைவி முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் இன்னும் சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாய்க்கால் கரையில் ஒரு அரை கிலோமீட்டர் நடக்கலாமா? மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனாலும் வரலாறுதானே.

#5 ஜிகர்தண்டா

வாய்க்கால் ஓரமாக நடந்த பிறகு டிபனா? நான் வரலை அண்ணே.

#6 வில்லாபுரம்

இந்த இழையில் தண்ணீர் என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன். லீலாவதியை யாரும் சொல்லவில்லையே.

எங்கள் வார்டு கவுன்சிலர், மார்க்சிஸ்ட் கட்சி. மாநகராட்சித் தண்ணீரை வில்லாபுரத்துக்குக் கொண்டுவரப் போராடினார். தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 23, பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். எனக்கு அப்போது எட்டு வயது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஆறு குடம் இருந்தது. ஐந்து ஆரஞ்சு நிறம், ஒன்று மட்டும் பச்சை. பச்சைக் குடம் என்னுடையது, வாய் உடைந்து போனதால் முக்கால்தான் பிடிக்கும், எனக்குத் தூக்க முடியும். லாரி எப்போது வரும் என்று தெரியாது. அம்மா தறியை விட்டு எழுந்து ஓடுவார், பாவு அப்படியே நிற்கும். ஒரு குடத்துக்குக் காசு. நெசவு கூலியில் பாதி குடத்துக்குள் போனது என்று அம்மா இன்றும் சொல்வார்.

லீலாவதியம்மா எங்கள் வரிசையில் வந்து நின்றிருக்கிறார். பேச வந்தவர், அப்படியே யாருடைய குடத்தையோ தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினார். அம்மாவுக்கு அதுதான் ஞாபகம். அவர் செத்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அந்தக் குடத்தைப் பற்றி அம்மா மட்டும் பேசுகிறார்.

மாசி வீதிக்குள் மட்டும்தான் வரலாறு இருக்கிறது என்றால் சரி, விட்டுவிடுங்கள்.

#7 வடக்குமாசி

விட முடியாது அக்கா. தெற்கே தூரம் அதிகம், நடந்து வர முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மா பேசுவார்களா?

#8 வில்லாபுரம்

மைக் கொடுத்தால் பேசமாட்டார். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் நிறுத்தமாட்டார்.

#9 உசிலைக்காரன்

நகரத்துக்காரர்கள் திட்டத்தில் எங்கள் பக்கம் வராது என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். பெருங்காமநல்லூர், 1920 ஏப்ரல் 3. ரேகைச் சட்டம் என்று எங்கள் தாத்தாக்கள் சொல்வார்கள், குற்றப் பரம்பரைச் சட்டம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஊரே வந்து கைரேகை பதிய வேண்டும், ராத்திரி ஊரில் இருப்பதற்கு ஆஜர் சொல்ல வேண்டும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வேண்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போவதற்கும் சீட்டு. பதியமாட்டோம் என்று நின்றவர்கள் மேல் சுட்டதில் பதினாறு பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சட்டம் போனது 1947இல்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய் வந்தேன் என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். செட்டிப்புடவு குகையையும் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களையும் போட்டோ எடுத்திருப்பீர்கள். மதுரைப் பக்கம் இந்தச் சட்டத்தை முதலில் போட்டது அதே கீழக்குயில்குடிக்காரர்கள் மேல்தான், 1914இல். மலையில் ஆயிரம் வருடத்துக் கதையைக் கேட்டுவிட்டு, அடிவாரத்தில் டீ கொடுத்தவரின் தாத்தா கதையைக் கேட்காமல் வந்திருக்கிறீர்கள்.

#10 கோபுரநிழல்

எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது, தப்பாக எடுக்காதீர்கள். நடைக்குக் குழந்தைகள் வருவார்கள். கல்வெட்டு, சிற்பம் என்றால் எல்லோரும் ஒன்றாக நிற்போம். சாதி, கட்சி, கொலை என்று போனால் அடுத்த மாதம் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒரு குழு இப்படியே உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாட்ஸாப்பில் ஒரே இரவு, காலையில் பார்த்தால் "விலகினார், விலகினார்" என்று வரிசையாக. நடையை நடையாக விடலாமே.

#11 உசிலைக்காரன்

கல்வெட்டு என்பது என்ன சார்? அந்தக் காலத்தில் யார் யாருக்கு எதைக் கொடுத்தான், யார் நிலத்தை யார் எடுத்தான் என்பதுதானே? ஆயிரம் வருடம் ஆகிவிட்டால் அது கலை, நூறு வருடம் என்றால் சண்டையா?

#12 மேலூர்ப் பொண்ணு

உசிலை அண்ணனுக்கு என் ஆதரவு, ஆனால் ஒரு திருத்தத்தோடு. பெருங்காமநல்லூரைச் சேர்க்கச் சொல்கிறீர்கள், கட்டாயம் சேர்க்கலாம். அப்படியென்றால் எங்கள் மேலூர் வட்டத்தில் மேலவளவும் உண்டு. பட்டியல் சாதியினருக்கான தனி ஊராட்சியாகி, தலைவராக வந்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அவர்கள் நினைவிடத்துக்கு விடுதலைக் களம் என்று பெயர். கீழவளவு மலைக்குச் சமணப் படுக்கை பார்க்க வருகிற வேனில் ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை. நம் ஆட்கள் அடி வாங்கிய ஊருக்கு மட்டும் போய், அடித்த ஊரைத் தாண்டிப் போகக்கூடாது அண்ணே.

கோபுரநிழல் சார் சொன்ன பயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் அரிட்டாபட்டிக்குப் பக்கத்து ஊர். மலையில் இருக்கும் கற்படுக்கையைச் சின்ன வயதிலிருந்து பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் சொல்வோம். சிவன் குடைவரையை இடைச்சி மண்டபம் என்போம். ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கும் இடம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து ஆட்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தபோது "வேலையத்தவங்க" என்று என் சித்தியே சிரித்திருக்கிறார். வந்தவர்கள் அந்தக் கீறல்களைக் காட்டி, இது தமிழி எழுத்து, 2,200 வருடம் என்றார்கள். சமணத் துறவிகள் படுத்த இடம் என்றார்கள். ராசாளி கூடு இருக்கும் பாறையைக் காட்டினார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆயின.

2024 நவம்பரில் எங்கள் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் முடிந்த செய்தி வந்தது. 2,015 ஹெக்டேர். கிராம சபையில் என் சித்தி எழுந்தார், ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். "ரெண்டாயிரத்து எரநூறு வருசத்து எழுத்து கெடக்கு, அதைத் தோண்டவா வர்றீக?" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தொப்பிக்காரர்கள் சொன்னதை இந்தம்மா எப்போது கேட்டு வைத்தார் என்றே தெரியவில்லை.

2025 ஜனவரி 7 அதை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளத்துக்கு நடந்தே கிளம்பியபோது மேலூரில் கடையெல்லாம் அடைப்பு. சித்தி ஒரு மஞ்சப்பையில் புளிச்சோறும் இன்னொரு ஜோடிச் செருப்பும் எடுத்துக்கொண்டார். "பத்துப் பன்னெண்டு மைலுக்கு ஒரு செருப்பு தாங்காதுடி" என்றார். நான்குவழிச் சாலையில் முன்னாலும் பின்னாலும் முடிவே தெரியாத கூட்டம். ஜனவரி 23 ஏலம் ரத்து என்று டெல்லியிலிருந்து செய்தி வந்தது.

#13 ஒத்தக்கடை வாத்தியார்

அம்மா, அந்தக் கூட்டம் ஒத்தக்கடையைத் தாண்டும்போது ரோட்டோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்றவர்களில் நானும் ஒருவன். உங்கள் சித்திக்கு ஊற்றியிருக்கலாம், யார் கண்டது.

அந்த இடத்தில் தலையை உயர்த்தினால் ஆனைமலை தெரியும். 2010இல் அதைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்குகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. நரசிங்கத்துக்காரர்களும் நாங்களும் எதிர்த்தோம், கைவிட்டார்கள். அப்போதும் எங்களுக்குக் கைகொடுத்தது கல்வெட்டுதான். கி.பி. 770இல் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைந்தான், முடிக்கும் முன் இறந்தான், தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தான் என்று கோயிலிலேயே வெட்டியிருக்கிறது. கூட்டம் போடுகிற இடத்தில் எல்லாம் இதைச் சொன்னேன். ஒரு பெரியவர் கேட்டார்: "அண்ணன் தம்பி ரெண்டு பேரு சேந்து கட்டுன கோயிலுய்யா, எவன் வந்து கேக்குறான்?" நான் பத்து நிமிடம் பேசியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கோபுரநிழல் அவர்களே, அதனால் கல்வெட்டு ஒரு பக்கம், போராட்டம் ஒரு பக்கம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. போகட்டும், கல்வெட்டு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: காலை ஏழு மணிக்குள் போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். பத்து மணிக்குப் போனால் வெறும் பாறை. சாக்பீஸ் பூசாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

#14 கோபுரநிழல்

மேலூர்ப் பொண்ணு எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மேலவளவு, பெருங்காமநல்லூர் இரண்டும் தனி நடையாக, பெரியவர்கள் மட்டும் என்று வைத்தால் நான் வருவேன். குழந்தைகளோடு போகும் முதல் நடையில் வேண்டாம் என்பதில் என் கருத்து மாறவில்லை.

#15 உசிலைக்காரன்

தனி நடை என்றால் தேதி சொல்லுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்றால் அது என்றைக்கும் நடக்காது என்று எங்களுக்குப் பழக்கம். மேலவளவுக்கும் வருகிறேன் தங்கச்சி.

#16 வடக்குமாசி

இன்று ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். எஸ்.ஐ. இளைஞர்தான். உரையாடல் இப்படிப் போனது:

"என்ன ஊர்வலம்?"
"ஊர்வலம் இல்லை சார், நடை."
"கொடி இருக்கா?"
"இல்லை."
"மைக்?"
"இல்லை."
"கோஷம்?"
"இல்லை சார், வரலாறு சொல்லுவோம்."
"எந்த வரலாறு?"

இந்தக் கேள்விக்குத்தான் தடுமாறிவிட்டேன். காந்தி என்றேன். பேனாவை மூடிவிட்டு, "ரோட்டை மறிக்காம ஓரமாப் போங்க, எட்டு மணிக்குள்ள முடிச்சிருங்க" என்றார். வெளியே வரும்போது கூப்பிட்டு, வடக்கு மாசியில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். அப்பாவின் செருப்புக் கதையைச் சொன்னேன். அவர் தாத்தாவும் அன்று அந்தத் தெருவில் இருந்தாராம், லத்தியோடு. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, இருவரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

சரி, வழி இதுதான். காலை 5.45க்குப் பெரியார் நிலையக் கோட்டைக் கொத்தளம். அங்கிருந்து மேலமாசி வீதி, வடக்கு மாசி. அப்புறம் சித்திரை வீதி. கோயிலுக்குள் போகப் போவதில்லை, செல்போனை ஒப்படைத்து வரிசையில் நின்றால் எட்டு மணி அங்கேயே ஆகிவிடும். வெளியில் நின்று வாத்தியார் ஐயா அந்தப் பெயர்களைச் சொல்லட்டும். பிறகு விளக்குத்தூண், காந்தி பொட்டல். முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் ஆட்டோவில் வில்லாபுரம்.

பந்தல்குடி வாய்க்கால் இந்தத் தடவை இல்லை, செல்லூரான் மன்னிக்கவும். மழைக்கு முன்னால் தனியாகப் போவோம். பெருங்காமநல்லூர் ஏப்ரல் 3, மேலவளவு ஜூன் 30. அந்தத் தேதிகளிலேயே போவது மரியாதை என்று நினைக்கிறேன், கிழமை எதுவானாலும்.

#17 செல்லூரான்

மழைக்கு முன்னால் என்று எழுத்தில் கொடுத்ததற்கு நன்றி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

#18 ஜிகர்தண்டா

டிபன்??

#19 வடக்குமாசி

விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால். இட்லி வில்லாபுரத்துக்குப் போய்த்தான்.

#20 வில்லாபுரம்

இட்லிக்கு அம்மா இப்போதே அரிசி அளக்கக் கிளம்பிவிட்டார். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திட்டு எனக்குத்தான். எங்கள் வீட்டில் நாற்காலி நாலுதான் இருக்கிறது, மற்றவர்கள் தறிக்கூடத்துத் தரையில் உட்கார வேண்டும். அந்தப் பச்சைக் குடம் இன்னும் கொல்லையில் இருக்கிறது, துளசி வைத்திருக்கிறோம்.